வெள்ளம் உள்ளே, வெள்ளம் வெளியே

எங்க ஊர்ப் பக்கம் தண்ணீருக்கு "வெள்ளம்" என்றுதான் பேர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்கூட "குடிக்க இத்திரி வெள்ளம் தா" என்றுதான் கேட்பார்கள். 2024 ஜூலை 16 அன்று டொராண்டோவில் கொட்டிய மழையில் என் வீட்டு பேஸ்மென்ட் மூழ்கியது. மறுநாள் ஊரில் இருக்கும் சின்னம்மையிடம் போனில் "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துட்டு சின்னம்மை" என்றேன். "நல்லதாப் போச்சு மக்கா, இனி கிணத்துல கோர வேண்டாம்லா" என்றாள்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சம்ப் என்ற வார்த்தைக்கும் இதே கதிதான். சென்னையில் சம்ப் என்றால் வாசலில் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி. மெட்ரோ வாட்டர் வந்தால் பிடித்து வைக்க. இங்கே சம்ப் என்றால் பேஸ்மென்ட் மூலையில் தோண்டிய குழி. வருகிற தண்ணீரை ஓரிடத்தில் சேர்த்து வெளியே துரத்த. வார்த்தை ஒன்று, வேலை நேர் எதிர். இதில் ஒரு சரித்திரம் இருக்கும் போலிருக்கிறதே என்று தேட ஆரம்பித்தேன். பி.காம் படித்தவனுக்கு பம்ப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். கார்ப்பெட்டை உரித்து வெளியே போட்டவனுக்கு எல்லாம் தெரிய வேண்டியிருக்கிறது.

சம்ப் என்பது பழைய ஜெர்மானிய மொழிகளில் சதுப்பு நிலத்தைக் குறித்த சொல். அதைச் சுரங்கக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கக் கிணற்றின் அடிமட்டத்தில் ஊறிய நீர் சேரும் பள்ளம்தான் சம்ப். அந்த நீரை இறைக்காவிட்டால் சுரங்கத்தை மூட வேண்டியதுதான். 1712-இல் தாமஸ் நியூகமன் இங்கிலாந்தில் டட்லி பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நிறுத்திய நீராவி இயந்திரம் ரயில் ஓட்டவோ துணி நெய்யவோ வந்ததல்ல. சம்ப்பை இறைக்க வந்தது. தொழிற்புரட்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் முதல் வேலையே தண்ணீர் இறைப்பதுதான்!

அடுத்த கட்டம் 1851. லண்டன் மகா கண்காட்சியில் ஜான் அப்போல்ட் என்பவர் வளைந்த இதழ்கள் கொண்ட சுழல் பம்ப் ஒன்றைக் காட்டினார். அதே ஆண்டு அதை வைத்து விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரியையே வற்றவைத்து வயலாக்கினார்கள். இன்று என் பேஸ்மென்ட் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பம்ப் அந்தச் சாதியைச் சேர்ந்ததுதான். உள்ளே இதழ்ச் சக்கரம் சுழலும், தண்ணீரை ஓரத்துக்கு வீசும், குழாய் வழியே மேலே தள்ளும்.

குழிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? அஸ்திவாரத்தைச் சுற்றி துளையிட்ட குழாய் ஒன்று ஓடுகிறது. இங்கே அதற்கு வீப்பிங் டைல் என்று பேர், அழுகிற ஓடு. முன்பு நிஜமாகவே சுட்ட களிமண் குழாய்கள்தான். ஒன்றுக்கொன்று இடுக்கு விட்டு வைப்பார்கள், நீர் அந்த இடுக்கில் கசிந்து இறங்கும். வட அமெரிக்காவில் 1838-லேயே இதை வயலில் பதித்துக் காட்டியவர் ஜான் ஜான்ஸ்டன், ஸ்காட்லாந்திலிருந்து நியூயார்க் மாநிலத்துக்குக் குடியேறிய விவசாயி. மண்ணுக்குள் ஓடு புதைக்கிற பைத்தியம் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்களாம். விளைச்சலைப் பார்த்ததும் அவர்களும் புதைத்தார்கள். வயலுக்கு வந்த அந்த ஓடுதான் பிறகு வீட்டு அஸ்திவாரத்துக்கும் வந்து சேர்ந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று நினைத்தால், நம்ம திருவிதாங்கூரிலேயே இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. குட்டநாடு! கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் கீழே நெல் விளைகிற நாடு. யோசித்துப் பார்த்தால் ஒரு தாலுகாவே பேஸ்மென்ட். வேம்பநாட்டுக் காயலில் மூங்கிலும் தென்னையும் நட்டு, சேறு கொட்டி வரம்பு கட்டி, உள்ளே இருக்கும் நீரை இறைத்து வயலாக்கினார்கள். ஆரம்பத்தில் இறைத்தது மனிதக் கால்கள். சக்கரம் என்ற மர இலைச் சக்கரத்தை, மூங்கில் பரணில் உட்கார்ந்து ராவும் பகலும் மிதித்தார்கள். மிதித்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

பிறகு கொச்சியில் இருந்த ஜார்ஜ் பிரண்டன் என்ற ஆங்கில எஞ்சினியர் பெட்டியும் பறையும் என்ற பம்பைச் செய்தார். நிமிர்ந்து நிற்கும் மரப் பீப்பாய்தான் பறை. அதற்குள் விசிறி போன்ற சக்கரம். மேலே வந்த நீரை வரம்புக்கு வெளியே கொண்டுபோகும் படுத்த மரப்பெட்டிதான் பெட்டி. முதலில் எஞ்சின் ஓட்டியது. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் வந்தபின் மெல்ல மெல்ல மோட்டார். அதே நாற்பதுகளில், உலகப் போர்க்கால அரிசிப் பஞ்சத்தில், முரிக்கன் என்ற முரிக்கும்மூட்டில் தொம்மன் ஜோசப் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று மூன்று காயல் நிலங்களை ராஜ குடும்பத்தின் பேரில் எழுப்பினார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பம்ப் அல்ல, அதை ஓட்டுகிற ஏற்பாடு. குட்டநாட்டில் தன் வயலை மட்டும் தனியாக இறைக்க யாராலும் முடியாது. ஒரே வரம்புக்குள் இருக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு பாடசேகரம். இறைக்கும் வேலையைப் புஞ்சை ஸ்பெஷல் ஆபீஸர் அலுவலகம் ஏலம் விடும். எடுத்தவர் மொத்தத்துக்கும் இறைக்க வேண்டும். வரம்பு உடைந்தால் எல்லோருக்கும் நஷ்டம். இறைப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. சித்திராவும் ராணியும் பல ஆண்டுகள் தரிசாகத் தண்ணீரில் கிடந்து, 2010-களில்தான் மறுபடி விதைப்பைப் பார்த்தன.

இங்கே டொராண்டோவில் நேர் மாறு. வீட்டுக்கு ஒரு பம்ப், வீட்டுக்கு ஒரு விதி. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை. 1954-இல் ஹேசல் சூறாவளி ஒரு நாளில் கொட்டியதைவிட அதிகம். மேன்பி துணை மின்நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து சுமார் 3 லட்சம் பேருக்கு மின்சாரம் போனது. எப்போது பம்ப் மிகவும் தேவையோ, அப்போதுதான் மின்சாரம் இருக்காது. 2024-இல் என் வீட்டிலும் இதேதான். பம்ப் நன்றாகத்தான் இருந்தது, கரண்ட் இல்லை. பேட்டரி பேக்கப் வைக்காதது என் கணக்கு. வங்கியில் ரிஸ்க் பற்றி வகுப்பெடுப்பவன் நான் :-)

அனுபவத்தில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். மிதவை சுவிட்ச் குழியின் சுவரில் உரசாமல் ஏறி இறங்க வேண்டும். வெளியேறும் குழாயில், போன தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் இறைத்ததையே மறுபடி மறுபடி இறைக்கும். குழாய் வாய் அஸ்திவாரத்தை விட்டுச் சில அடி தள்ளி, சரிவைப் பார்த்து இருக்கட்டும். பனிக்காலத்தில் அந்த வாய் உறைந்து அடைபடாமல் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாளி தண்ணீரைக் குழியில் ஊற்றி, பம்ப் தானாக ஓடி நிற்கிறதா என்று கவனியுங்கள். அடியில் சேரும் மணலை வருடம் ஒருமுறை அள்ளுங்கள். பேட்டரி கட்டாயம். கூரைத் தண்ணீர் குழாயைச் சாக்கடையோடு இணைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். டொராண்டோ மாநகராட்சி 2007-லேயே இதற்கு விதி கொண்டுவந்தது. காரணம் நம் பாடசேகர நியாயம்தான். உங்கள் கூரைத் தண்ணீர் தெருச் சாக்கடையை நிரப்பினால், அது பள்ளத்தில் இருப்பவர் பேஸ்மென்ட்டில் வந்து நிற்கும்.

அன்றைக்கு நனைந்ததில் கார்ப்பெட்டும் சோபாவும் போகட்டும். ஒரு ட்ரங்க் பெட்டியும் நனைந்தது. அதில் தாத்தாவின் நிலப் பிரமாணம். எல்லைக்கு இந்தப் பக்கம், விளவங்கோடு தாலுகாவில் கொஞ்சம் வயல். 1956 நவம்பர் 1-க்கு முந்தையது, எனவே எழுத்து மலையாளம். அன்றோடு விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் இரண்டு பக்கத்துக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. 2004-இல் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் நின்றது. நெய்யாறு கேரளத்திலேயே பிறந்து கேரளத்திலேயே கடலில் சேரும் ஆறு, இரு மாநில ஆறு அல்ல என்பது கேரளத்தின் வாதம். தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு ஒரு பக்கம் கிடக்க, கால்வாயை நம்பியிருந்த ஏலாக்களில் நெல் போய் வாழையும் ரப்பரும் வந்தன. எங்கள் வயலிலும் இப்போது ரப்பர்தான்.

வெள்ளம் வராமல் காய்ந்த வயலின் பிரமாணம், வெள்ளத்தில் ஊறி டொராண்டோவில் கொடியில் காய்ந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, நானும் மனைவியும் பார்த்துக்கொண்டே நின்றோம். மை கொஞ்சம் பரவிவிட்டது. தாத்தாவின் கையெழுத்து தப்பியது.

தண்ணீரை உள்ளே கொண்டுவர ஊர் சேர வேண்டும். வெளியே அனுப்பவும் ஊர் சேர வேண்டும். இரண்டையும் தனியாகச் செய்யப் பார்த்தால் ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் ஈரக் கார்ப்பெட்.

பேட்டரி வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடமும் கூரைக் குழாய் பற்றிப் பேசிவிட்டேன். சின்னம்மைக்கு மட்டும் இன்னும் புரியவைக்க முடியவில்லை. "வெள்ளத்தைக் காசு கொடுத்து வெளிய விடுதாவளா?" என்று கேட்கிறாள்.