கழித்தலில் பெருகும் பிழை: டீசல் எஞ்சினில் காற்றோட்ட உணரியின் பணி

டீசல் எஞ்சினில் காற்றோட்ட உணரி எதற்கு என்று கேட்டால், பணிமனைகளில் கிடைக்கும் விடை பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது: உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற எரிபொருளைத் தருவதற்கு. பெட்ரோலுக்கு அது சரி. அங்கே ஓட்டுநரின் கால் த்ராட்டிலைத் திறந்து காற்றைக் கூட்டுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதம் பிசகாதிருக்க, எரிபொருள் காற்றைப் பின்தொடர்கிறது. டீசலில் ஆக்சிலேட்டர் மிதி எரிபொருளையே கேட்கிறது. காற்று தேவைக்கு மிஞ்சியே இருக்கும். ஐட்லிங்கில் பல மடங்கு மிஞ்சியிருக்கும். அப்படியானால் அதை ஏன் இவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும்? தன் வழியே ஒருபோதும் செல்லாத ஒரு வாயுவைக் கணிக்கவே அந்த உணரி முதன்மையாகத் தேவைப்படுகிறது என்பது என் வாதம்.

அந்த வாயு, ஈ.ஜி.ஆர். வால்வு வழியாக மீண்டும் சிலிண்டருக்குத் திரும்பும் கழிவுவாயு. அது ஆக்சிஜனின் பங்கைக் குறைத்து, வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு, எரிதலின் உச்ச வெப்பநிலையைத் தணிக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. அளவு மீறினால் புகைக்கரி கூடும். ஆகவே சரியான அளவு வேண்டும். ஆனால் சூடும் கரியும் நிறைந்த அந்த ஓட்டத்தில் உணரியின் நுண்ணிய சூடேற்றிய படலத்தை வைத்தால் நிலைக்காது. எனவே உணரி காற்று வடிகட்டியை அடுத்து, புதிய காற்று மட்டும் செல்லும் இடத்தில் அமர்கிறது. ஈ.சி.யூ. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவகத்தில், ஒவ்வொரு வேகத்துக்கும் எரிபொருள் அளவுக்கும் எவ்வளவு புதிய காற்று இருக்க வேண்டும் என்ற அட்டவணை உண்டு. உணரியின் அளவீடு அந்த இலக்கைத் தொடும்வரை கணினி ஈ.ஜி.ஆர். வால்வைத் திறக்கும் அல்லது மூடும். சிலிண்டர் கொள்ளும் மொத்தத்தில் புதிய காற்று போக மீதமே கழிவுவாயு. இந்தக் கழித்தல் அட்டவணைக்குள் மறைந்திருக்கிறது.

சிக்கலும் இங்கேதான். நான்கு சிலிண்டர் கொண்ட 2 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டர்போவின் அழுத்தம் சேராத நிலையில், ஓர் உறிஞ்சு வீச்சில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 600 மில்லிகிராம் வாயுவைக் கொள்ளும் எனக் கொள்ளலாம். கழிவுவாயு 30 சதவீதம் வேண்டுமெனில் புதிய காற்றின் இலக்கு 420. தூசியோ எண்ணெய்ப் படிவோ ஏறிய உணரி 10 சதவீதம் குறைத்துக் காட்டினால், கணினி அந்த 420ஐக் காணும்போது உண்மையில் உள்ளே போவது 467. மீதம் 133, அதாவது 22 சதவீதம். அளவீட்டில் 10 சதவீதப் பிழை, கழிவுவாயுவில் கால் பங்குக்கும் மேற்பட்ட குறைவாக மாறிவிட்டது. இலக்கு 15 சதவீதமாக இருந்திருந்தால் எஞ்சுவது ஐந்தரை சதவீதம்தான்! கழித்துப் பெறும் தொகை சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருக்கிறது. உணரியைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. இது கணக்கின் இயல்பு.

உணரியின் இரண்டாவது வேலை புகை வரம்பு. திடீரென மிதியை அழுத்தும்போது டர்போ சுழன்றெழச் சற்று நேரமாகும். அதுவரை இருக்கும் காற்றுக்கு மேல் எரிபொருளைப் பீய்ச்சினால் கரும்புகைதான். கணினி காற்றின் அளவைக் கொண்டு எரிபொருளுக்கு உச்சவரம்பு விதிக்கிறது. உணரி குறைத்துக் காட்டினால் இந்த வரம்பும் அதே விகிதத்தில் இறங்கும். வண்டியின் இழுவை குறையும். ஓட்டுநர் இதை உணர்கிறார். இதைவிடப் பெரிதாகிப்போன ஈ.ஜி.ஆர். பிழையை யாரும் உணர்வதில்லை.

உணரியின் இணைப்பைக் கழற்றினால் இழுவை திரும்புவது பல வண்டிகளில் காணக்கூடியதே. கணினி மாற்று மதிப்பை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் ஈ.ஜி.ஆர். வால்வையும் மூடிவிடுகிறது. ‘உணரியே தேவையில்லை’ என்று இதிலிருந்து முடிவுசெய்வது தவறு. அது குறைத்துக் காட்டியிருக்கலாம் என்பதற்கு மட்டுமே இது சான்று.

வேறு வழிகள் இல்லையா? கனரக எஞ்சின்கள் பலவற்றில் ஈ.ஜி.ஆர். குழாயிலேயே வெஞ்சுரி எனும் குறுகலை வைத்து அழுத்த வேறுபாட்டால் அளக்கிறார்கள். அங்கே கழித்தல் இல்லை, ஆனால் கரி அதன் துளைகளையும் அடைக்கிறது. கழிவுவாயுவில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா உணரி நல்ல துணை. எனினும் பிழை காற்றிலா, தேய்ந்த இன்ஜெக்டர் பீய்ச்சும் எரிபொருளிலா என்பதை அதனால் மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி, டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 ஆக இறக்கியது. அந்த ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் தெளிக்கும் வண்டிகளில் கழிவுவாயுவின் மொத்த ஓட்டத்தைக் கணிக்கவும் இதே காற்றளவு பயன்படுகிறது. ஆனால் சாலையில் ஓடும் டீசல் வண்டிக்கான மாசுச் சான்றிதழ்ச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. குறைத்துக் காட்டும் உணரியோ புகையைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடைக் கூட்டுகிறது. சோதனையில் அந்த வண்டி எளிதாகத் தேறிவிடும். ஈ.ஜி.ஆர். வால்வை மூடிய நிலையில், அழுத்தமும் வெப்பநிலையும் எஞ்சின் வேகமும் தரும் கணக்குடன் உணரியின் அளவீட்டை ஒப்பிட்டால் பிழை வெளிப்படும். அதற்குத் தேவையான தரவுகள் ஈ.சி.யூ.விலேயே இருக்கின்றன, பணிமனையின் ஸ்கேனரால் அவற்றைப் படிக்க முடியும். சான்றிதழ்ச் சோதனையில் இந்த ஒப்பீட்டைச் சேர்க்க வேண்டும்.