தானக் கருமுட்டையும் வாடகைத் தாய் முறையும்: தம்பதியர் அறிய வேண்டியவை

மனைவியின் கருமுட்டை பயன்படாத நிலையில், வேறொரு பெண் தானமாக அளித்த கருமுட்டையைக் கணவரின் விந்தணுவுடன் ஆய்வகத்தில் இணைத்து, அவ்வாறு உருவான கருவை மற்றொரு பெண்ணின் கருப்பையில் வளர்ப்பதே இங்கு விளக்கப்படும் சிகிச்சை முறையாகும். இதில் மூன்று பெண்கள் தொடர்புடையவர்கள்: குழந்தையின் தாயாகப் போகிறவர், கருமுட்டை அளிப்பவர், கருவைச் சுமப்பவர். மூவரும் வெவ்வேறு நபர்களாகவே இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் நிலைப்பாடு. கருவைச் சுமப்பவர் தம் சொந்தக் கருமுட்டையை அளிக்க இயலாது.

வல்லம் வடகால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதிகளில் பணிபுரியும் தம்பதியரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் கருத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. கருமுட்டை தானம் செய்யுமாறு பிறரால் அணுகப்படும் இளம் பெண்களும் இதனைப் படிப்பது நல்லது.

உங்களுக்கு இரண்டும் தேவையா?

கருமுட்டை சினைப்பையிலிருந்து வருகிறது. குழந்தை கருப்பையில் வளர்கிறது. இவை இரண்டும் தனித்தனி உறுப்புகள். ஒன்று செயலிழந்தால் மற்றொன்றும் செயலிழந்துவிட்டது என்று பொருளல்ல. குடும்பங்களில் பெரும் குழப்பமும் வீண் செலவும் எழுவது இவ்விடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகக் காண்போம்.

நாற்பது வயதிற்கு முன்னரே சினைப்பைகள் செயலிழந்த பெண்ணுக்குக் கருப்பை நலமாக இருக்கக்கூடும். அவருக்குத் தேவைப்படுவது தானக் கருமுட்டை மட்டுமே. உருவான கருவைத் தம் கருப்பையிலேயே அவர் சுமக்கலாம். வாடகைத் தாய் தேவையில்லை. இதற்கு மாறாக, பிறவியிலேயே கருப்பை உருவாகாத எம்.ஆர்.கே.எச். நோய்க்குறி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சினைப்பைகள் இயல்பாகவே செயல்படும். அவர்களுக்கு வாடகைத் தாய் தேவைப்படலாம். கருமுட்டை அவர்களுடையதாகவே இருக்கலாம். பிறப்புறுப்புக் காசநோயால் கருப்பையின் உட்சுவர் ஒட்டிக்கொண்டவர்களிலும் சிலருக்குக் கருமுட்டை இருப்பு போதுமானதாக இருப்பதுண்டு.

இரண்டும் ஒருசேரத் தேவைப்படும் நிலைகள் குறைவு. புற்றுநோய்க்காகக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டவர்கள், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் இவ்வகையினர். டர்னர் நோய்க்குறி உள்ளவர்களுக்குச் சினைப்பைகள் பொதுவாகச் செயல்படா. கருப்பை இருப்பினும், கர்ப்ப காலத்தில் பெருந்தமனி கிழியும் ஆபத்து உண்டு. ஆகவே, ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை, சினைப்பை ஸ்கேன், கருப்பையின் உட்பகுதிப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்களுக்குக் கருமுட்டை வேண்டுமா, கருப்பை வேண்டுமா, இரண்டுமா?” என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கருமுட்டை மட்டும் போதும் எனில், வாடகைத் தாய்க்குரிய நீதிமன்ற ஆணையும் தகுதிச் சான்றுகளும் உங்களுக்குத் தேவைப்படா.

சட்டம் கடந்து வந்த பாதை

வாடகைத் தாய் முறை (ஒழுங்குமுறை) சட்டம், 2021 மற்றும் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம், 2021 ஆகிய இரண்டும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளன. ‘வாடகை’ என்னும் சொல் வழக்கில் நிலைத்துவிட்ட போதிலும், வாடகை கொடுப்பதைத்தான் இச்சட்டம் முதலில் தடை செய்தது. மருத்துவச் செலவு, காப்பீடு போன்றவை தவிர வேறு பணமோ பொருளோ கருவைச் சுமப்பவருக்கு அளித்தல் குற்றமாகும்.

2023 மார்ச் 14 அன்று மத்திய அரசு விதிகளைத் திருத்தி, வாடகைத் தாய் முறையில் கருமுட்டை, விந்தணு இரண்டும் தம்பதியருடையதாகவே இருக்க வேண்டும் என அறிவித்தது. இதனால் சினைப்பை இல்லாத பெண்களுக்கு வழி முற்றிலும் அடைபட்டது. அருண் முத்துவேல் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில், கருப்பையும் சினைப்பைகளும் இல்லாத பெண் ஒருவருக்குத் தானக் கருமுட்டையைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 18 அன்று இடைக்கால அனுமதி அளித்தது. கருப்பை இல்லாமையை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்ட விதியே, கருமுட்டை இல்லாதவரைத் தள்ளிவைப்பது முரண் என்பதை நீதிமன்றம் சுட்டியது. அதன் பின்னர், 2024 பிப்ரவரி 21 அன்று விதி மீண்டும் திருத்தப்பட்டது.

இன்றைய நிலை இதுவே: கணவன், மனைவி இருவருள் ஒருவருக்குத் தானக் கருமுட்டையையோ தான விந்தணுவையோ தேவையாக்கும் மருத்துவக் காரணம் உண்டென மாவட்ட மருத்துவ வாரியம் சான்றளித்தால் அனுமதி உண்டு. ஆயினும் கருமுட்டை, விந்தணு இரண்டையும் தானமாகப் பெற இயலாது; ஒன்றேனும் தம்பதியருடையதாக இருத்தல் வேண்டும். எனவே, தானக் கருமுட்டையை நாடுவோர் கணவரின் விந்தணுப் பரிசோதனையை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும். மனைவிக்கான பரிசோதனைகளை எல்லாம் முடித்த பின்னர் இதனைச் செய்வது காலத்தை வீணாக்கும்.

கைம்பெண்களும் மணமுறிவு பெற்ற பெண்களும் 35 முதல் 45 வயதிற்குள் வாடகைத் தாய் முறையை நாடலாம். ஆனால் அவர்கள் தம் சொந்தக் கருமுட்டையையே பயன்படுத்த வேண்டும். 2024 திருத்தம் அவர்களுக்கு இச்சலுகையை அளிக்கவில்லை. தம்பதியரைப் பொறுத்தவரை, சான்று பெறும் நாளில் மனைவிக்கு 23 முதல் 50 வயதும் கணவருக்கு 26 முதல் 55 வயதும் இருத்தல் வேண்டும். உயிருடன் வேறு குழந்தை இருத்தல் கூடாது. அக்குழந்தைக்குக் கடும் ஊனமோ உயிருக்கு ஆபத்தான தீரா நோயோ இருப்பின் விலக்கு உண்டு.

கருமுட்டை அளிப்பவர்

தானம் செய்பவருக்கு 23 முதல் 35 வயது இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தானம் செய்யலாம்; அவரிடமிருந்து ஏழு கருமுட்டைகளுக்கு மேல் எடுத்தல் கூடாது. பதிவு பெற்ற வங்கியின் வழியாகவே இது நடைபெற வேண்டும். ஒருவருடைய கருமுட்டைகளை ஒன்றுக்கு மேற்பட்ட தம்பதியருக்கு வழங்க இயலாது. அவருக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீட்டை எடுத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

இவ்விதிகள் ஏன் இத்தனை கடுமையாக உள்ளன என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2022 ஜூன் மாதத்தில் ஈரோட்டில், போலி ஆதார் அட்டையைக் காட்டி 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்றது வெளிப்பட்டு, அச்சிறுமியின் தாயும் இடைத்தரகரும் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். தொடர்புடைய மருத்துவமனைகள் மீது அரசு நடவடிக்கை எடுத்தது.

வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மகளிர் தங்குமிடம் மட்டுமே 18,720 பேர் தங்கும் அளவுள்ளது. சொந்த ஊரை விட்டு வந்து தங்கிப் பணிபுரியும் பெண்களிடம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். கருமுட்டை எடுப்பது இரத்த தானம் போன்றதன்று. ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், இறுதியில் மயக்க மருந்தளித்து ஊசி வழியே முட்டைகளை உறிஞ்சியெடுத்தல் ஆகியவை அதில் அடங்கும். ஊசிகளுக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறி எதிர்வினையாற்றினால் வயிற்றில் நீர் கோக்கும். வயிறு விரைவாக உப்புதல், ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் பணி நேரம் முடியட்டும் என்று காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள். கருமுட்டை எடுத்த செய்தியை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். வங்கியின் பெயர் சொல்லாமல் தொகை மட்டும் பேசுபவர் எவராயினும் அவரைத் தவிர்த்துவிடுங்கள். கருமுட்டையை விற்பது குற்றம்.

சிகிச்சையில் எதிர்பார்க்க வேண்டியவை

ஏழு கருமுட்டைகள் என்பது ஏழு வாய்ப்புகள் அன்று. எடுத்தவற்றுள் சில முதிர்ந்திருக்கா. முதிர்ந்தவற்றுள் சில கருவுறா. கருவுற்றவற்றுள் சில ஐந்தாம் நாள் வரை வளரா. இறுதியில் ஓரிரு கருக்களே மிஞ்சுவதுண்டு. ஒரு கருவை மட்டும் கருப்பையில் வைப்பதே பொதுவான விதி. ஒரு வாடகைத் தாயிடம் மூன்று முயற்சிகளுக்கு மேல் அனுமதியில்லை. முதல் முயற்சியிலேயே கைகூடும் என உறுதியளிக்கும் நிலையத்தை நம்ப வேண்டாம்.

தானக் கருமுட்டையால் உருவான கர்ப்பத்தில் உயர் இரத்த அழுத்த வாய்ப்பு கூடுதல். கருவைச் சுமப்பவருக்கு இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் தவறாமல் பார்க்கப்படுவதை உறுதி செய்யுங்கள். அவர் திருமணமானவராகவோ முன்னர் மணமானவராகவோ, சொந்தக் குழந்தை உடையவராக, 25 முதல் 35 வயதிற்குட்பட்டவராக இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் இதற்கு முன்வரலாம். அவருக்கான காப்பீடு 36 மாதங்களுக்கு உரியது. கரு வைக்கப்படும் வரை அவர் தம் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அப்போது அவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை.

விண்ணப்பம்

மாவட்ட மருத்துவ வாரியத்திற்கு நலப்பணிகள் இணை இயக்குநர் நிலையிலான அலுவலர் தலைமை வகிப்பார். மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் உறுப்பினர்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தினர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அணுக வேண்டும். கருப்பை தொடர்பான காரணத்தையும் கருமுட்டை தொடர்பான காரணத்தையும் சான்று தனித்தனியே குறிப்பிடுகிறதா எனப் பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் பின்னர் திருத்தம் கோரி அலைய நேரிடும். இதனையடுத்து, குழந்தையின் பெற்றோர் நிலை, பொறுப்பு குறித்து முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணையைத் தம்பதியரும் வாடகைத் தாயும் சேர்ந்து பெற வேண்டும். குழந்தை பிறந்த பின் அவ்வாணையே பிறப்புப் பதிவிற்கு ஆதாரமாகும். சிகிச்சை நிலையத்திடம் வாடகைத் தாய் முறைக்கான தனிப் பதிவுச் சான்றைக் காட்டும்படி கேளுங்கள், ஐ.வி.எஃப். பதிவு மட்டும் போதாது.

பிறந்த பின்

குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தையே. கருமுட்டை அளித்தவருக்குப் பெற்றோர் உரிமை ஏதுமில்லை. தங்கை அளித்த கருமுட்டையால் அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து, பின்னர் எழுந்த வழக்கொன்றில், தங்கை அக்குழந்தைகளின் தாயாக உரிமை கோர இயலாது என 2024 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

விடுப்பு குறித்து முன்னரே கவனம் தேவை. மகப்பேறு நலம் குறித்த சட்டம், வாடகைத் தாய் வழியே குழந்தை பெறும் தாய்க்கு, குழந்தை ஒப்படைக்கப்பட்ட நாள் முதல் 12 வார விடுப்பு வழங்குகிறது. ஆனால் ‘தன் கருமுட்டையைப் பயன்படுத்திய தாய்’ என்றே அது வரையறுத்துள்ளது. தானக் கருமுட்டை பெற்றவருக்கு அவ்வரையறை தடையாகலாம். எனவே, கரு வைக்கும் முன்னரே உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடமும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திடமும் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் பெறுங்கள். சிகிச்சை விவரம் முழுவதையும் மேலாளரிடம் கூறத் தேவையில்லை.

கருமுட்டை அளித்தவரின் இரத்தப் பிரிவு, குடும்ப நோய் வரலாறு ஆகியவற்றை வங்கியிடமிருந்து எழுத்தில் பெற்று, குழந்தையின் மருத்துவக் கோப்பில் வைத்திருங்கள். பின்னாளில் மருத்துவர் “தாய் வழியில் எவருக்கேனும் சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோய் உண்டா?” என வினவும்போது, பொருத்தமான விடை அக்கோப்பில்தான் இருக்கும். குழந்தையிடம் இதனை எப்போது, எவ்வாறு கூறுவது என்பது உங்கள் முடிவு. வளர்ந்த பின் உறவினர் வாயிலாகத் தெரிய வருவதைவிட, சிறு வயதில் பெற்றோரே எளிய சொற்களில் கூறுவது மேல் என்பது என் கருத்து. இதற்கு ஆலோசகரின் உதவி வேண்டுமெனில் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.