காகித உறவும் மெய்யுறவும்: விண்ணப்பப் பொய் திருமணத்தைத் தொட்ட வரலாறு

குடிநுழைவு விண்ணப்பம் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களால் ஆன ஆவணமாகும். விண்ணப்பிப்பவர் யாருடைய மகன், யாருடைய கணவர், அவருக்கு உடன்பிறந்தோர் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் என்பனவே அதன் முதன்மை வினாக்கள். ஆகவே, அதில் எழுதப்படும் ஒரு பொய் எழுதியவரோடு நின்றுவிடுவதில்லை. தந்தை என்று வேறொருவரைக் குறித்தவுடன் தாத்தாவும் மாறிவிடுகிறார். மனைவிக்கு மாமனார் மாறிவிடுகிறார். பிறக்கவிருக்கும் பிள்ளைக்குக் குடும்பப்பெயரே மாறிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து அவர் ஒரு பெண்ணை உண்மையாகவே மணந்து, தம்மோடு வாழ அழைக்க விரும்பும்போது, அந்தப் பழைய விடை குறுக்கே நிற்கிறது.

இத்தகைய சிக்கல் இன்று பல நாடுகளில் உண்டு. எனினும், முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு சமூகமே இதில் சிக்கித் தவித்த வரலாறு அமெரிக்கச் சீனர்களுடையது. சட்டம் எவ்வாறு பொய்யைத் தூண்டியது, அப்பொய் எவ்வாறு மெய்யான திருமணங்களைப் பற்றிக்கொண்டது, அதிலிருந்து மீள எத்தகைய வழி காணப்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கு இவ்வரலாற்றில் விடை உண்டு.

சட்டம் மூடிய கதவு

1882 மே 6ஆம் நாள் அமெரிக்க அதிபர் செஸ்டர் ஆர்தர் சீனர் விலக்குச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதை அது பத்தாண்டுகளுக்குத் தடை செய்தது. வணிகர், ஆசிரியர், மாணவர், பயணிகள் முதலியோர்க்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. 1892இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட தடை, 1902, 1904ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் காலவரையறை அற்றதாயிற்று. சீனாவில் பிறந்தோர் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் இயலாது.

ஆயினும் இரண்டு நிகழ்வுகள் ஒரு சிறு வழியைத் திறந்தன. முதலாவது, 1898இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வோங் கிம் ஆர்க் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. அமெரிக்க மண்ணில் பிறந்தவர், பெற்றோர் சீனரே ஆயினும், குடிமகனே என்று அது உறுதி செய்தது. அவ்வாறு குடிமகனான ஒருவருக்குச் சீனாவில் பிறக்கும் பிள்ளைகளும் தந்தை வழியாகக் குடியுரிமை கோரலாம். இரண்டாவது, 1906 ஏப்ரல் 18இல் சான் பிரான்சிஸ்கோ நகரைத் தாக்கிய நிலநடுக்கம். அதனைத் தொடர்ந்த தீயில் நகரின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. அதன்பின் 'நான் இந்நகரில் பிறந்தவன்' என்று ஒருவர் கூறினால், அதனை மறுக்கப் பதிவேடு இல்லை.

இந்த வழியில்தான் 'காகித மகன்' தோன்றினான். குடியுரிமை பெற்ற ஒருவர் சீனாவுக்குச் சென்று திரும்பும்போதெல்லாம், தமக்கு அங்கே ஒரு மகன் பிறந்ததாக அதிகாரிகளிடம் தெரிவிப்பார். மகன் பிறந்திருக்கலாம், மகள் பிறந்திருக்கலாம், எவரும் பிறவாமலும் இருக்கலாம். எவ்வாறாயினும், பதிவேட்டில் ஒரு மகனுக்குரிய இடம் உருவாகிவிடும். அவ்விடம் உறவினரின் மகனுக்கோ, விலை கொடுத்து வாங்கிய வேறோர் இளைஞனுக்கோ போய்ச் சேரும். அவன் அந்தப் பெயரையும் அந்தத் தந்தையையும் ஏற்றுக்கொண்டு கப்பலேறுவான்.

இதனை வெறும் மோசடி என்று கூறி முடித்துவிடுவது எளிது. சட்டத்தின் பார்வையில் அது மோசடியே. ஆனால், ஓர் இனத்தாரை அவர்தம் இனம் பற்றியே தடுத்த சட்டம் அது என்பதையும் மறத்தலாகாது. உண்மையைச் சொன்னால் கதவு அடைபடும் என்னும் நிலையில், குடும்பங்கள் பொய்யைப் பொதுச்சொத்தாக வைத்துக் காத்தன.

காகித மகனின் மெய்யான மனைவி

பொய்யின் சுமை திருமணத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டது. அதில் இருவகைச் சிக்கல்கள் இருந்தன.

முதல் வகை, காகித மகன் மணம் புரிவது. அவன் ஊருக்குத் திரும்பி, பெற்றோர் பார்த்த பெண்ணை ஊரறிய மணக்கிறான். திருமணத்தில் ஐயமில்லை. ஆனால் அப்பெண் அறிந்த கணவன் ஒரு பெயரினன். அமெரிக்கக் கோப்பிலுள்ள கணவன் வேறொரு பெயரினன். அவளுடைய மாமனார் மாமியார் அடுத்த தெருவில் வாழ்வர்; கோப்பிலோ அவள் ஒருநாளும் கண்டிராத இருவர் அந்த இடத்தில் இருப்பர். கணவனோடு சேர வேண்டுமாயின், அவளும் அந்தக் காகிதக் குடும்பத்தை மனப்பாடம் செய்தாக வேண்டும். கணவன் சொன்ன ஒரு பொய்க்கு மனைவி நூறு பொய்களைக் கற்க நேர்ந்தது.

இரண்டாம் வகை இன்னும் சிக்கலானது. மணமாகாத இளைஞர் ஒருவர், பிறருக்கு இடம் உண்டாக்கித் தரும்பொருட்டு, தமக்கு மனைவியும் மக்களும் உளர் என்று முன்னரே பதிந்திருப்பார். பின்னர் அவர் உண்மையாகவே மணக்கும்போது, பதிவேட்டில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள். காகித மனைவியை இறந்தவளாக அறிவிக்க வேண்டும். அல்லது மெய்யான மனைவி அவளுடைய பெயரில் வர வேண்டும். மெய்யாகப் பிறந்த மகனின் வயது, பதிந்த மகனின் வயதோடு பொருந்தாமற் போகும். இடங்களையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டவர்க்குத் தம் சொந்த மகனை அழைக்க இடமே எஞ்சாமற் போவதும் உண்டு.

இவற்றோடு, மனைவியரைத் தடுத்த சட்டமும் சேர்ந்துகொண்டது. 1924ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தார் குடியேறுவதைத் தடுத்தது. 1925 மே மாதம் ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. வணிகரின் சீன மனைவி வரலாம் என்றது ஒன்று. அமெரிக்கக் குடிமகனின் சீன மனைவி வரலாகாது என்றது மற்றொன்று. வணிகருக்குப் பழைய உடன்படிக்கையின் காப்பு இருந்தது. குடிமகனுக்கு அது இல்லை. 1930இல்தான், 1924 மே 26க்கு முன் மணமுடித்த குடிமக்களின் மனைவியர்க்கு வழி விடப்பட்டது.

1943 டிசம்பர் 17இல் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. எனினும் சீனர்க்கு ஓராண்டுக்கு 105 இடங்களே ஒதுக்கப்பட்டன. 1945 டிசம்பரில் இயற்றப்பட்ட போர் மணமகளிர் சட்டமும், 1946 ஆகஸ்டில் வந்த சட்டமும் குடிமக்களின் சீன மனைவியரை அந்த எண்ணிக்கை வரம்புக்கு அப்பால் அனுமதித்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தனர். அவர்களுள் பலர் மணமகளிர் அல்லர், பல்லாண்டுகள் கணவரைப் பிரிந்திருந்தோர். வந்தவர்களைக் காத்திருந்தது விசாரணை. 1948இல் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று மாதம் தடுத்து வைக்கப்பட்ட ஒரு பெண், விசாரணையின் துயர் தாங்காது உயிர் மாய்த்துக்கொண்டார். உடனிருந்த பெண்கள் உண்ணாநோன்பு இருந்தனர்.

விசாரணையில் மொழி

1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவு இவ்விசாரணைகளின் களமாக இருந்தது. வீட்டின் வாயிலில் எத்தனை படிகள், கிணறு எத்திசையில் உள்ளது, அரிசிப் பானை எங்கே இருக்கும், மூன்றாம் வீட்டில் வாழ்பவர் யார் என்றெல்லாம் அதிகாரிகள் வினவினர். உறவினரைத் தனித்தனியே வினவி விடைகளை ஒப்பிட்டனர். இதற்கென விடைக் குறிப்பேடுகள் எழுதப்பட்டன. வருவோர் அவற்றைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்து, கரை காணுமுன் கடலில் எறிந்துவிடுவர். இதில் ஒரு முரண் உண்டு. நன்கு படித்து வந்த காகித மகன் தேறிவிடுவான். படிகளை எண்ணிப் பார்த்திராத மெய்யான மகன் தவறிவிடுவான்.

மொழியியல் கற்போர் இங்கே கவனிக்க வேண்டிய செய்திகள் சில உள. குவாங்டோங் மாநிலத்தின் ஊர்களில் ஆண்மகன் மணம் முடிக்கும்போது புதியதொரு திருமணப் பெயர் பெறுவது வழக்கம். ஆகவே ஒருவருக்கு இரு பெயர்கள் இருந்தது ஏமாற்று அன்று, மரபு. மணமான பெண், பிறந்த குடியின் பெயரோடு 'ஷீ' என்னும் சொல் சேர்த்து அழைக்கப்பட்டாள். அது அவள் இயற்பெயர் அன்று. 'இன்ன குடியினள்' என்பதே அதன் பொருள். அமெரிக்கக் கோப்புகளோ அதனையே பெயராகப் பதிந்தன. சீன மரபில் பிறந்த குழந்தைக்கு வயது ஒன்று. புத்தாண்டு தோறும் ஒன்று கூடும். ஆகவே, மேலை முறையில் கணக்கிட்ட வயதோடு ஓராண்டோ ஈராண்டோ வேறுபடும். பொய்யே சொல்லாதவரின் விடையும் இவ்வாறு முரண்பட்டதாகத் தோன்றியது.

தமிழர்க்கு இது புரிவது கடினமன்று. நாம் பெரியப்பா மகனை 'அண்ணன்' என்கிறோம். ஆங்கிலப் படிவத்தில் அண்ணன் என்ற பொருளில் அவரைக் குறித்தால், வீட்டில் மெய்யான சொல் அலுவலகத்தில் பொய்யாகிவிடும். சித்தப்பாவையும் மாமாவையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டும்; நமக்கு அவர்கள் வெவ்வேறு உறவினர். தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் படிவம், கணவனையும் மனைவியையும் வெவ்வேறு குடும்பத்தார் போலக் காட்டும். மொழிபெயர்ப்பில் பிறக்கும் முரண்பாடு வேறு. அறிந்தே சொல்லும் பொய் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும்.

ஒப்புதல் திட்டம்

1955 டிசம்பரில் ஹாங்காங்கிலிருந்த அமெரிக்கத் தலைமைத் தூதர் எவரெட் டிரம்ரைட், சீனர்களின் விண்ணப்பங்களில் மோசடி மலிந்துள்ளது என்று நீண்டதோர் அறிக்கை அனுப்பினார். அது பனிப்போர்க் காலம். போலி ஆவணங்களின் வழியே பொதுவுடைமை உளவாளிகள் நுழையக்கூடும் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. 1956இல் குடிநுழைவுத் துறை ஒப்புதல் திட்டத்தைத் தொடங்கியது. காகித மகனாக வந்தவர் தாமே முன்வந்து உண்மையைக் கூறினால், சட்டம் இடந்தரும் அளவுக்கு நிலையைச் சீர்செய்து தருவதாக அத்துறை கூறியது. முழு மன்னிப்பென உறுதியளிக்கவில்லை. ஒப்புக்கொண்டவர் பொய்யாகப் பெற்ற குடியுரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஒப்புதலும் பொய்யைப் போலவே உறவுகளின் வழியே பரவியது. ஒருவர் தம் மெய்ப்பெயரைக் கூறினால், அவருடைய காகிதத் தந்தையும் காகித உடன்பிறந்தோரும் அவர்தம் மனைவி மக்களும் வெளிப்பட்டுவிடுவர். 1965 வரை நடந்த இத்திட்டத்தில் ஏறத்தாழ 13,900 பேர் ஒப்புதல் அளித்தனர். அவர்களால் 22,000க்கும் மேற்பட்ட பிறர் வெளிப்பட்டனர். 11,000க்கும் மேற்பட்ட காகித இடங்கள் மூடப்பட்டன. ஒப்புக்கொண்டோரை விட வெளிப்பட்டோர் மிகுதி என்பதே இவ்வெண்கள் உணர்த்தும் உண்மை. சிலர் மெய்ப்பெயருக்கு மீண்டனர். சிலர் பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளையும் வணிகத்தையும் கருதிக் காகிதப் பெயரிலேயே தங்கினர். ஆங்கிலத்தில் காகிதப் பெயரும் சீன எழுத்தில் மெய்ப்பெயரும் பொறித்த கல்லறைகள் இன்றும் உள.

மன்னிப்பும் அதன் எல்லையும்

1957 செப்டம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின் ஏழாம் பிரிவு ஒரு புதிய கொள்கையை ஏற்றது. பொய்யுரைத்து நுழைவிசைவு பெற்றவராயினும், அவர் குடிமகனுக்கோ நிரந்தரவாசிக்கோ கணவன், மனைவி, பெற்றோர் அல்லது பிள்ளையாக இருந்து, மற்ற வகையில் தகுதியும் உடையவராயின், அப்பொய்யின் பொருட்டு நாடு கடத்தப்படலாகாது என்றது. பொய் பொறுக்கத்தக்கது என்று சட்டம் கூறவில்லை. அதன் தண்டனை குற்றமற்ற குடும்பத்தின் மேல் விழலாகாது என்றது. 1966இல் உச்ச நீதிமன்றம் எரிக்கோ வழக்கில் இக்கொள்கையை விரித்துரைத்தது. தொழில்திறன் பற்றிப் பொய்யுரைத்த இத்தாலியர் ஒருவரும், பெயரளவுத் திருமணத்தால் நுழைந்த ஜமைக்காப் பெண் ஒருவரும், அமெரிக்காவில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் என்பதால் காக்கப்பட்டனர்.

பின்னர் காற்று திசை மாறியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், மணமாகி ஈராண்டு நிறையாத இணையர்க்கு முதலில் நிபந்தனையுடன் கூடிய வதிவுரிமையே அளித்தது. குடிநுழைவுக்காக ஒருமுறை பொய்த்திருமணம் செய்தவர் என்று முடிவாயின், பின்னர் அவர் உண்மையாகவே மணந்தாலும் துணைவர் கொடுக்கும் மனு ஏற்கப்படுவதில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பழைய பொய்யுரைக்கு விலக்குக் கோருவோர், குடிமகனோ நிரந்தரவாசியோ ஆகிய துணைவருக்கு அல்லது பெற்றோருக்குக் கடுந்துன்பம் நேரும் என்று மெய்ப்பிக்க வேண்டும். பிள்ளைகள் படும் துன்பம் மட்டும் போதாது. அந்நாட்டுக் குடிமகன் என்றே பொய்யுரைத்தவர்க்கோ, மிகக் குறுகிய விதிவிலக்கு நீங்கலாக, திருமணத்தின் வழியே குடியேறவும் இடமில்லை. காகித மகன்கள் சொன்ன பொய் இதுவே. அவர்களுக்குக் கிடைத்த வழி, அதே பொய்யை இன்று சொல்வோர்க்குக் கிடையாது.

நாம் கற்க வேண்டுவது

உள்ளத்தால் அமைவது உண்மை, வாயால் அமைவது வாய்மை, மெய்யால் அமைவது மெய்ம்மை என்று மரபாக விளக்குவர். சொற்பிறப்பு ஆய்வு இதனை முழுதும் ஏற்காவிடினும், நம் பொருளுக்கு இப்பகுப்பு உதவும். காகித மகனின் திருமணத்தில் அன்பும் இல்லறமும் மெய்யானவை. கோப்பில் அவன் வாய்மொழி பொய்யானது. விசாரணை அதிகாரி சோதிக்கக்கூடியது வாய்மொழியை மட்டுமே. இல்லறத்தின் மெய்ம்மையை அவர் படிகளின் எண்ணிக்கையால் அளக்க முயன்றார்.

இதிலிருந்து இரு தரப்பினரும் கற்க வேண்டியது உண்டு. உண்மையாளர்க்கு வழியில்லாத சட்டம் பொய்யை வளர்க்கும். பின்னர் அதே பொய்யைத் தேடித் தண்டிக்கும் வேலையும் அதற்கே வந்து சேரும். இது சட்டம் இயற்றுவோர்க்கு. படிவத்தில் இன்று எழுதும் ஒரு சொல்லின் விலையை, நாளை நாம் மணக்கவிருப்பவரும் நமக்குப் பிறக்கவிருப்பவரும் கொடுக்க நேரும். இது நம் மாணவர்க்கு. ஆகவே உறவுமுறையைக் கேட்கும் வினாவுக்கு விடை எழுதுமுன், படிவத்தின் மொழியில் அச்சொல் எதனைக் குறிக்கிறது என்று கேட்டறிந்து எழுதுங்கள். ஐயமிருப்பின் விளக்கத்தை இணைத்து எழுதுங்கள். ஆசிரியர்கள் விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் வகுப்பில் இதனையும் சேர்த்துக் கற்பித்தல் நலம்.