ஃபுல் ஃபிரேமா, கிராப் சென்சாரா? - ஒரு மேக்ரோ வரலாறு

பூச்சி, பூ, சிலந்தி என்று நெருங்கிப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குவதா, இல்லை கிராப் சென்சார் போதுமா? விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் இது சும்மா பேசிவிட்டுப் போகிற கேள்வி அல்ல. போதாக்குறைக்கு, 'ஃபுல்' என்ற சொல்லே பாதிப் பேரை மயக்கிவிடுகிறது. மற்றது என்னவோ அரைகுறைச் சரக்கு போல! இந்த 'ஃபுல்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஓஸ்கார் பார்னாக். சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைச் சின்னக் கேமராவில் போட்டால் என்ன என்று யோசித்தார். சினிமாவில் ஒரு படத்தின் அளவு 18 x 24 மி.மீ. அது போதாது என்று இரண்டு படங்களின் இடத்தை ஒன்றாக்கி 24 x 36 ஆக்கினார். 1914 வாக்கில் தயாரான அந்த மாதிரிக் கேமராதான், 1925-ல் லைப்ஸிக் வணிகச் சந்தையில் லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. கண்ணாடித் தட்டில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு இந்த ஃபிலிம் தபால்தலை மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஜெர்மன் மொழியில் இந்த அளவுக்கு வழங்கும் பெயருக்கே 'சிறு படம்' என்றுதான் பொருள். அன்றைய 'சிறுசு'தான் இன்றைக்கு 'முழுசு'!

அந்த லைக்காவை வைத்துக்கொண்டு மேக்ரோ எடுப்பது பெரும்பாடு. பார்க்கும் கண்ணாடி ஒரு இடத்தில், லென்ஸ் வேறு இடத்தில். தூரத்து மலைக்கு இது ஒரு பொருட்டில்லை. ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பூவுக்கோ, பார்ப்பது ஒன்று, ஃபிலிமில் விழுவது இன்னொன்று. லென்ஸ் வழியாகவே பார்க்க வைத்த எஸ்எல்ஆர் கேமராக்கள் வந்த பிறகுதான் (1936-ல் வந்த கினே எக்ஸாக்டா இந்த ஃபிலிமுக்கான முன்னோடிகளில் ஒன்று) நிலைமை மாறியது. 1955-ல் கில்ஃபிட் நிறுவனத்தின் மேக்ரோ-கிலார் லென்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு நிக்கான் தன் முதல் மைக்ரோ-நிக்கார் லென்ஸை வெளியிட்டது. அதைச் செய்தது பூச்சிக்காக அல்ல. நெருக்கமான கோடுகள் கொண்ட கான்ஜி எழுத்துகள் மைக்ரோஃபிலிமில் கலங்கிப் போகாமல் விழ வேண்டும் என்பதற்காக. இன்றுவரை நிக்கான் மட்டும் 'மேக்ரோ' என்று சொல்லாமல் 'மைக்ரோ' என்று தன் லென்ஸ்களுக்குப் பெயர் வைப்பது அந்த வழக்கம்தான்.

1:1 என்ற கணக்கும் ஃபிலிம் காலத்தது. 10 மி.மீ. பூச்சி ஃபிலிமிலும் 10 மி.மீ. நீளத்துக்கு விழுந்தால் அது 1:1. ஃபிலிம் எத்தனை பெரியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் குழப்பம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அடுத்து வந்தது டிஜிட்டல். சென்சார் என்பது சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுப்பது. பெரிதாக வெட்டினால் ஒரு தகட்டுக்குக் கொஞ்சம்தான் தேறும். அதிலும் ஒரு பழுது விழுந்தால் பெரிய துண்டு ஒன்று வீண். 24 x 36 மி.மீ. என்பது சிப் அச்சிடும் இயந்திரங்கள் ஒரே தடவையில் பதிக்கக்கூடிய பரப்பைவிடப் பெரியது என்பதால், பகுதி பகுதியாகப் பதிக்க வேண்டியிருந்தது. எனவே 1999-ல் நிக்கான் டி1 ஏறக்குறைய 24 x 16 மி.மீ. சென்சாரோடு வந்தது. இந்த அளவுக்கு ஏபிஎஸ்-சி என்று பெயர். 1996-ல் கோடக், ஃபியூஜி, கேனான், நிக்கான், மினோல்டா சேர்ந்து கொண்டுவந்த ஏபிஎஸ் ஃபிலிமின் ஒரு படஅளவுதான் அது. அந்த ஃபிலிம் 2011-ல் அடியோடு நின்றுபோனது. பெயர் மட்டும் சென்சாரில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

பழைய லென்ஸ்கள் வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒரு வருத்தம். அகலமாகக் காட்டும் 24 மி.மீ. லென்ஸ், சின்ன சென்சாரில் சாதாரண லென்ஸ் ஆகிவிட்டது. 'எங்கள் லென்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள்' என்ற இவர்களுடைய ஏக்கம்தான் ஃபுல் ஃபிரேம் மோகத்துக்கு முக்கியமான ஆரம்பம். பென்டாக்ஸ் ஒரு கேமராவைக் காட்டிவிட்டு 2001-ல் கைவிட்டது. 2002-ல் வந்த கான்டாக்ஸ் என் டிஜிட்டல் நிலைக்கவில்லை. அதே ஆண்டு கேனான் 1டிஎஸ் வந்தது. 1.1 கோடி பிக்சல், ஏறத்தாழ 8,000 டாலர் விலை.

மேக்ரோக்காரர்களுக்கு இந்த ஏக்கம் தேவைதானா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மி.மீ. நீளமுள்ள குதிக்கும் சிலந்தி ஒன்றை 1:1-ல் எடுப்பதாக வையுங்கள். எந்த சென்சாரிலும் அது 10 மி.மீ.தான் விழும். 1டிஎஸ் சென்சாரின் அகலம் 35.8 மி.மீ., அதில் 4,064 பிக்சல்கள். சிலந்தியின் பங்கு சுமார் 1,135. 2003-ல் வந்த கேனான் 10டி கிராப் கேமரா. 22.7 மி.மீ. அகலத்தில் 3,072 பிக்சல்கள். சிலந்தியின் பங்கு சுமார் 1,350! அதே ஆண்டு வந்த 300டி கேமராவிலும் இதே எண்ணிக்கைதான். லென்ஸ் இல்லாமல் அதன் விலை 899 டாலர். எட்டாயிரம் டாலர் கேமராவைவிட ஆயிரத்துக்கும் குறைந்த கேமரா சிலந்தியை விவரமாகக் காட்டியது என்றால் நம்பக் கஷ்டம்தான். 1டிஎஸ்-ன் மீதி பிக்சல்கள் எல்லாம் சிலந்தி உட்கார்ந்திருந்த இலைக்குப் போய்விட்டன.

'இரைச்சல் குறைவு' என்பது ஃபுல் ஃபிரேம் கட்சியின் அடுத்த வாதம். பெரிய சென்சார் அதிக ஒளியைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் மேக்ரோவில் பெரிய பஞ்சமே ஃபோகஸ் ஆழத்துக்குத்தான். கண் தெளிந்தால் கால் மங்குகிறது. சிலந்தி படச்சட்டத்தில் ஒரே அளவு இடத்தை நிரப்ப வேண்டுமானால், கிராப் கேமராவில் எஃப் 11-ல் கிடைக்கிற ஆழம் ஃபுல் ஃபிரேமில் எஃப் 16-க்கும் மேலே போனால்தான் கிடைக்கும். துளையைச் சுருக்கினால் ஒளி குறையும், குறைந்ததை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். பெரிய சென்சார் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறது. ஃப்ளாஷ் போட்டு ஐஎஸ்ஓ 100-லேயே எடுப்பவர்களும் தப்ப முடியாது, அவர்கள் ஃப்ளாஷின் பலத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.

அதற்காக ஃபுல் ஃபிரேம் வாங்கியவர்கள் எல்லாம் ஏமாந்தவர்கள் இல்லை. 300டி-யின் பார்வைக் கண்ணாடி குகைக்குள் எட்டிப் பார்ப்பது போல் சின்னது. கையால் ஃபோகஸ் செய்கிறவருக்கு அது தலைவலி. 2000-களின் பிற்பாதியில் எஸ்எல்ஆர்களில் லைவ் வியூ பரவி, திரையில் பெரிதாக்கிப் பார்க்க முடிந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. பழைய ஸ்லைடுகளை நகலெடுப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஃபிலிம் காலத்து நகல் கருவிகள் 24 x 36 அளவை 1:1-ல் எடுக்கவே செய்யப்பட்டவை. கிராப் கேமராவில் மாட்டினால் ஸ்லைடின் ஓரங்கள் வெட்டுப்பட்டன. பூவை அதன் சூழலோடு அகலமாக எடுப்பவருக்கும் பெரிய சென்சாரே சௌகரியம்.

நிக்கான் 2007-ல் டி3 வரும்வரை ஃபுல் ஃபிரேம் பக்கமே போகவில்லை. பத்து வருடம் கழித்து, 2017-ல், டி850 என்ற 4.5 கோடி பிக்சல் கேமராவை வெளியிட்டது. இப்போது அதே சிலந்திக்கு டி850-ல் சுமார் 2,300 பிக்சல்கள். 2016-ல் வந்த டி500 கிராப் கேமராவில் சுமார் 2,370. கிட்டத்தட்ட சமம், அதோடு டி850-ல் சுற்றியுள்ள இலையும் இலவசம். 'ஃபுல் ஃபிரேம் வாங்கினால் கிராப்பும் உள்ளேயே இருக்கிறது' என்று நிக்கான்காரர்கள் தைரியமாகச் சொல்ல முடிந்தது. விலை மட்டும் டி500-ஐவிட நன்றாகவே கூட.

அந்தச் சமநிலையும் நீடிக்கவில்லை. 2022-ல் வந்த கேனான் ஆர்7 கிராப் கேமராவில் சிலந்திக்குக் கிடைப்பது சுமார் 3,120 பிக்சல்கள். 6.1 கோடி பிக்சல் கொண்ட சோனி ஏ7ஆர் 4 என்ற ஃபுல் ஃபிரேமில்கூட சுமார் 2,660தான்.