மட்டாஞ்சேரி மணிக்கூண்டு

பழமை வாய்ந்த தெருவிலே புதிதாக ஒன்றைக் கட்டலாமா என்னும் வினா, பூங்காவில் ஒரு நிழல்மண்டபம் எழுப்ப முற்படும்போதும் எழுகின்றது. கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் 1760-ஆம் ஆண்டிலேயே ஒருவர் அதற்கு விடை கண்டார்.

அங்கு 1568-இல் அமைந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடத்துக்கு (பரதேசி என்பது ஈண்டு அயல்நாட்டாரையே குறிக்கும்) 192 ஆண்டுகள் கழித்து மணிக்கூண்டு எழுப்பியவர் எசக்கியேல் ரஹாபி. அலெப்போவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். டச்சுக் கம்பெனியோடு தொடர்புடைய பெருவணிகர். கூண்டைக் கட்டினாரே தவிர, நேரத்தைத் தம்மவர்க்கு மட்டும் அவர் ஒதுக்கிக்கொள்ளவில்லை. தொழுகைக் கூடத்தை நோக்கிய முகத்தில் எபிரேய எண்கள். தெருவை நோக்கியதில் வணிகர்க்குப் பழகிய ரோமானிய எண்கள். மன்னர் அரண்மனையை நோக்கியதிலோ மலையாள எண்கள். பழந்தமிழ் எண்களை அறிந்த நம்மவர் இம்மூன்றாம் முகத்தைப் பெரிதும் இடர்ப்பாடின்றிப் படித்துவிடலாம்!

கூடத்தினுள்ளே 1762-இல் சீனத்து நீலவண்ண ஓடுகளைப் பதிப்பித்தவரும் அவரே. காண வருவோர் அவற்றையே வியக்கின்றனர். பிறர் நாட்டிலே குடியிருந்து வாழும் நமக்கோ, அயலாரின் எழுத்தை அயலாரை நோக்கி வைத்த அக்கூண்டே பெரிதாகத் தோன்றுகின்றது.

1948-இல் இஸ்ரேல் அமைந்தபின், காலப்போக்கில் அத்தெரு யூதருள் பெரும்பாலோர் அங்குச் சென்றனர். பழுதுற்ற கூண்டினை 1990-களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் துணைகொண்டு செப்பனிட்டனர்.