முதுசொமும் மரணசாதனமும்

பொருளைத் தேடுவதில் எம்மவர் சளைத்தவரல்லர். தேடியதைக் காப்பதிலும் வல்லவரே. ஆயின், தமக்குப்பின் அது எவரை எவ்வாறு சேரவேண்டும் என்பதைக் காலத்தோடு வகுத்து வைப்போர் மிகச் சிலர். இக்குறை எமது மரபில் வந்ததன்று. யாழ்ப்பாணத்துச் சொத்துரிமையின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வுண்மை விளங்கும்.

ஒல்லாந்தர் ஆட்சியிலே, தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதுவித்தார். அத்திரட்டு தமிழிலே பெயர்க்கப்பெற்று, பன்னிரண்டு முதலிமாரின் உடன்பாட்டுடன் 1707ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

தேசவழமை சொத்தை மூவகையாகக் கண்டது. முன்னோர்வழி வந்தது முதுசொம். மணமகளுக்குக் கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். மகளுக்குச் சீதன உறுதி முடிக்கும் அன்றே அவள் பங்கு தீர்ந்தது. முதுசொம் ஆண்மக்களைச் சார்ந்தது. பெற்றோர் கண்ணெதிரிலேயே பங்கீட்டின் பெரும்பகுதி நிறைவேறிற்று. பின்னர் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தமும் இவ்விதிகளைப் பெரிதும் மாற்றின.

மரணசாதனம் எழுதும் முறையை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒருங்கிருக்க ஒப்பமிடல் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் வேண்டும். படுக்கையிற் கிடந்து வாயாற் சொன்ன சொல், எத்துணை உண்மையாயினும், பொதுவாக நீதிமன்றில் நில்லாது.

எழுதாது விட்டால் நேர்வது என்ன? நான்கு பரப்பு வளவொன்றை எண்ணிப் பாருங்கள். நான்கு பிள்ளைகள், அவர்க்கு நந்நான்கு பிள்ளைகள் என வளர்ந்தால், மூன்றாந் தலைமுறையில் உரிமையாளர் அறுபத்து நால்வர்! ஒருவர் பங்கு ஒரு பரப்பிலே பதினாறில் ஒன்று. கிணறோ ஒன்றே. வேலித் தகராறும் பிரிவினை வழக்கும் பிறக்கக் கேட்கவும் வேண்டுமோ? வழக்கு முடியுமுன் உடன்பிறந்தாரின் உறவு முடிந்துவிடுகின்றது.

போர்க்காலம் இத்துன்பத்தைப் பன்மடங்காக்கிற்று. உறுதிகள் அழிந்தன, பங்காளர் பல நாடுகளிற் சிதறினர். பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவன் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். இடம்பெயர்ந்தோர் இதனால் காணி இழக்கலாகாது எனக் கருதி, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் குறித்து 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. ஆயினும், சட்டம் தரும் நிவாரணத்தைத் தேடிச் செல்வதற்கும் கையில் ஆதாரம் வேண்டுமன்றோ?

ஆதலின், பெரியோர்களே! உடல்நலமும் தெளிந்த அறிவும் உள்ளபோதே உறுதிகளைத் திரட்டுங்கள். எல்லைகளையும் பெயர்களையும் சரிபாருங்கள். நம்பத்தகுந்த நொத்தாரிசைக் கண்டு மரணசாதனம் முடித்து, அஃது இருக்குமிடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இளைஞர்களே! இதனைப் பெற்றோரிடம் கேட்பது பேராசை அன்று. குடும்பத்தின் ஒற்றுமையைக் காக்கும் கடமை. நாம் விட்டுச்செல்லும் முதுசொம் காணி மட்டுமன்று, சகோதர அன்பும் ஆகும். முன்னது பின்னதை அழிக்காதவாறு பார்த்துக்கொள்வோமாக.