தடையுண்ட ஏடுகளும் கல்முனைக் கவிஞரும்

நூலைக் கண்டு அஞ்சிய அரசுகள் வரலாற்றிற் பல. 1928ஆம் ஆண்டிலே பாரதியாரின் பாடல் நூல்களைப் பர்மிய அரசு தடைசெய்தது. சென்னை அரசும் அவ்வழி நின்று படிகளைக் கைப்பற்றியது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அதனை எதிர்த்து வாதிட்டார். அன்று கைப்பற்றப்பட்ட பாடல்களை இன்று பள்ளிச் சிறாரும் பாடுகின்றனர்.

ஈழத்திலே ஏடுகளுக்கு நேர்ந்த கேடு தீயாய் வந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவ்வழிவுக்கு இரங்கியோர் யாழ்ப்பாணத்தார் மட்டுமல்லர். 1944இற் கல்முனைக்குடியிலே பிறந்த எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை யாத்தார். நூல்கள் எரிந்தவிடத்துப் புத்தரே கொலையுண்டார் என்பது அதன் கருத்து. கிழக்கின் முஸ்லிம் ஊரொன்றிற் பிறந்த கவிஞர், வடக்கின் நூலகத்தின் பொருட்டு, எரித்தோர் போற்றும் புத்தரையே சான்றாக நிறுத்தி நீதி கேட்டமை சிந்திக்கத்தக்கது.

இவ்வச்சம் பிற்காலத்தும் ஒழிந்திலது. 2017இல் வெளிவந்த 'நவரசம்' என்னும் கவிதை நூலின் பொருட்டு, மன்னாரைச் சேர்ந்த ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டார். அந்நூலிலே தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் உள. 2021 டிசெம்பரிற் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரிலேயே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

நூலிற் பிழை காண்பார் மறுப்பு நூல் எழுதுதலே தமிழ் மரபு. அதற்கு முதலில் அந்நூலைப் படித்தல் வேண்டும். தீயும் சிறையும் மறுப்பு ஆகா.